காலியாகப் போய்ச் சேர்ந்த ஃபைல்

அந்த அச்சகத்தில் வயதில் மூத்தவர்கள்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அவள் நெட்வொர்க் மேடமாகத்தான் இருந்தாள். கணவனின் தங்கை அங்கே வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்த முதல் நாள், தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கேட்கும்படி, “அண்ணி, எனக்கு நெட் வரல” என்று குரல் கொடுத்தாள். மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்த பெரியவர் தன் பங்குக்கு, “அண்ணி, எனக்கும் வரல” என்றார். அதோடு மேடம் போய்விட்டாள், அண்ணி நிலைத்துவிட்டாள்.

நாத்தனாருக்கு வீட்டில் வாலு என்று பெயர். ஒரு இடத்தில் உட்காராத குழந்தைக்கு வைத்த பெயர், வளர்ந்து வேலைக்கு வந்த பிறகும் கூடவே வந்தது. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வருவாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனில் கதை பேசப் போய்விடுவாள். வேலை என்று வந்தால் மட்டும் ஆள் வேறு. மருந்துப் பெட்டியின் ஓரத்தில் ஒரு எழுத்து நூலளவு விலகி நின்றாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். அதைப் பார்த்துத்தான் அண்ணியே மேனேஜரிடம் அவளுக்காகப் பேசினாள். நாத்தனாரையும் அண்ணியையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்றைக்காவது வேடிக்கை பார்க்கலாம் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். இருவரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள், மேனேஜரின் நடையை ஒரே மாதிரி நடித்துக் காட்டினார்கள்.

அச்சகத்தின் வேலை பெரும்பாலும் மருந்துப் பெட்டிகள். வடிவமைப்பு முடிந்ததும், அச்சுத் தகடு செய்யும் இன்னொரு ஊர்க் கம்பெனிக்கு அதை அனுப்ப வேண்டும். மெயிலில் போகாத அளவுக்குப் பெரிய ஃபைல்களை எஃப்டிபி வழியாக அனுப்புவார்கள். பழைய வழிதான். இந்தப் பக்கம் ஒரு ஃபோல்டர், அந்தப் பக்கம் ஒரு ஃபோல்டர். இங்கிருந்து இழுத்துப் போட்டால் அங்கே போய் விழும்.

ஒருநாள் கணக்குப் பிரிவுப் பெரியவர், பில் என்று பெயர் போட்டு மெயிலில் வந்த ஒரு ஜிப் ஃபைலைத் திறந்துவிட்டார். பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டும் அந்த ஜிப்புக்குள் வைரஸ் இருந்தது. பாதிக் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. அண்ணிக்கு வீட்டுக்குப் போய்த் தலை சாய்க்கக்கூட நேரமில்லாமல் போயிற்று. எல்லாம் எழுந்து நின்ற பிறகு மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

“இனிமே எந்தக் குப்பையும் உள்ள வரக் கூடாது. நம்மகிட்டேருந்து வெளியவும் போகக் கூடாது. என்ன செய்வீங்களோ செய்யுங்க” என்றார்.

அவள் ஃபயர்வாலைத் திறந்து உட்கார்ந்தாள். அலுவலகத்துக்குள் வருவதும் போவதும் அந்த ஒரு பெட்டியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தடுக்க வேண்டிய ஃபைல் வகைகளை அதில் வரிசையாகச் சேர்த்தாள். ஜிப்பையும் சேர்த்தாள். எந்தெந்த வழிகளில் தடுக்க வேண்டும் என்று அது கேட்டது. இணையம், மெயில், எஃப்டிபி ஃபைல் பரிமாற்றம் என்று இருந்த எல்லாவற்றுக்கும் டிக் போட்டாள்.

பிறகு சோதித்துப் பார்த்தாள். இணையத்திலிருந்து ஒரு ஜிப்பை இறக்கப் போனால், இந்த வகை ஃபைலுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பக்கம் வந்தது. மெயிலில் அனுப்பினால், மெயில் வந்து சேர்ந்தது. இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு குறிப்பு நின்றது. அந்தக் குறிப்பின் வாசகத்தை அவளே எழுதியிருந்தாள். யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, ‘பாதுகாப்புக்காக இந்த ஃபைல் நிறுத்தப்பட்டிருக்கிறது, தேவையென்றால் நெட்வொர்க் பிரிவைக் கேளுங்கள்’ என்று எழுதித் தன் இன்டர்காம் எண்ணையும் போட்டிருந்தாள். மூன்றாவது வழியைச் சோதிக்கப் போகும்போது இன்டர்காம் அடித்தது. பிறகு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வழியில் சரியாக வேலை செய்வது மூன்றாவதில் மட்டும் வேறு மாதிரியா இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டாள். இனி இணையத்திலும் மெயிலிலும் ஜிப் வராது, போகாது என்று எல்லோருக்கும் ஒரு அறிவிப்பு அனுப்பினாள். எஃப்டிபியைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வார்த்தையும் இல்லை.

அது உடனே பிரச்சினையாகவில்லை. வடிவமைப்புகள் வழக்கமாகத் தனித்தனிப் பிடிஎஃப்களாகத்தான் போகும், ஜிப்பாகப் போகாது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பெரிய மருந்துக் கம்பெனி தன் பெட்டிகள் அத்தனையையும் புதிதாக அடிக்கக் கொடுத்தது. எழுத்துருக்கள், படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பச் சொன்னார் தகடு கம்பெனிக்காரர். ஒரு நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலை. வாலு மூட்டையைக் கட்டினாள், எஃப்டிபியில் இழுத்துப் போட்டாள், அனுப்பி முடிந்தது என்று திரையில் வந்ததைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு தோழிகளோடு மலைப் பக்கம் போய்விட்டாள். அங்கே சிக்னல் கிடையாது.

தகடு கம்பெனியில் ஃபைல் இருந்தது. பெயரும் சரியாக இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் காலி. அவர்கள் வாலுவுக்கு போன் போட்டார்கள், கிடைக்கவில்லை. அச்சகத்துக்குப் போட்டார்கள், எடுக்க ஆளில்லை. விடுமுறை முடிந்து கதவு திறப்பதற்குள் மருந்துக் கம்பெனி கொடுத்த தேதி தாண்டிப் போயிருந்தது. அவர்கள் அந்த வேலையோடு சேர்த்து மற்ற வேலைகளையும் பிடுங்கி வேறு அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மேனேஜரின் அறையில் வாலு நின்றுகொண்டே பேசினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சார், நான் அனுப்பினேன். போயிடுச்சுன்னு ஸ்கிரீன்ல வந்தது. என் கண்ணால பாத்தேன்.”

“அங்க காலியா இருக்கேம்மா.”

“அது எப்படின்னு எனக்குத் தெரியல. அனுப்பினது நிஜம்.”

மேனேஜர் அண்ணியின் பக்கம் திரும்பினார். “நம்ம ஃபயர்வால் எதையாவது தடுத்துச்சா?”

அண்ணி அந்த அறைக்குள் வருவதற்கு முன்பே, ஃபயர்வால் தடுத்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக்கை எடுத்துப் பார்த்திருந்தாள். தடுக்கப்பட்ட ஃபைல்களின் பட்டியலில் அந்த மாலை எதுவும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் துருவியிருப்பாள். இது நாத்தனார். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும், வீட்டு ஆளைக் காப்பாற்றுகிறாள் என்று பேச்சு வந்துவிடும் என்று நினைத்தாள்.

“நம்ம பக்கம் எதுவும் தடுக்கல சார்” என்றாள்.

வெளியே வந்ததும் வாலு அவள் கையைப் பிடித்தாள். “அண்ணி, ஒரே ஒரு தடவை என் சீட்டுக்கு வந்து பாருங்க. அதே ஃபைலை உங்க முன்னாடியே இன்னொரு தடவை அனுப்பிக் காட்டறேன்.”

“லாக்ல இல்லன்னா இல்லடி. எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க. போ, முதல்ல முகத்தைக் கழுவிட்டு வா.”

வாலு கையை விட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

வேலையை விட்டு எடுத்தார்கள் என்று சொல்ல முடியாதபடி, ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வாலு இருந்த அம்மா வீட்டுக்கு வந்து அண்ணன் சத்தம் போட்டான். “அடுப்புல பாலை வச்சுட்டுப் போறதுக்கு இது வீடு இல்ல, ஆபீஸ்” என்றான். அம்மா, சின்ன வயதில் வாலு தொலைத்த ஸ்லேட்டு, செருப்பு, தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். முதலில் வாலு எல்லோரோடும் மல்லுக்கு நின்றாள். அனுப்பினேன், அனுப்பினேன் என்று அதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. பிறகு சொல்வதைக் குறைத்தாள். அப்புறம் ஒருநாள் அண்ணியின் வீட்டுச் சமையலறையில், அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணி, ஒருவேளை நான் பாதியிலயே மூடிட்டேனோ? முடிஞ்சதுன்னு வந்தது வேற ஃபைலுக்கோ என்னவோ. ஊருக்குப் போற அவசரத்துல இருந்தேன் இல்ல.”

அண்ணி குழாயை மூடினாள். நாத்தனாரின் வாடிய முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

“இருக்கலாம்டி. அவசரத்துல யாருக்கும் நடக்கறதுதான். மனசைப் போட்டு அலட்டிக்காத” என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். வாலு தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அனுப்பினேன் என்று அவள் சொல்லவே இல்லை.

வடிவமைப்பு வேலையும் அவளுக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டும் வேலைக்குப் போனாள். யாருக்கும் எதையும் அனுப்ப வேண்டாம் என்பதுதான் அதில் அவளுக்குப் பிடித்தது. ஆனால் அங்கேயும் கண்ணாடிப் பவர் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள், வாடிக்கையாளருக்கு போன் செய்து படித்துக் காட்டுவாள், சற்று நேரம் கழித்து மறுபடி போன் செய்வாள். “ஒரு கண்ணாடிக்கு எத்தனை போன்மா, அவங்க நம்மளைச் சந்தேகப்படப் போறாங்க” என்று கடைக்காரர் சலித்துக்கொண்டதை அவளே சிரித்தபடி வீட்டில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பரவாயில்லை, பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா நிம்மதிப்பட்டாள்.

அச்சகத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தகடு கம்பெனி இனி ஜிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அண்ணியை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரைக் கொண்டுவந்தவள் அங்கே இல்லை என்பது அவளைத் தவிர யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

ஓராண்டுக்கு மேல் ஓடியது. அச்சகத்தின் வெப்சைட்டை வேறு கம்பெனிக்கு மாற்றும் வேலை வந்தது. பழைய படங்களையெல்லாம் ஒரு ஜிப்பாகக் கட்டி, அவர்கள் கொடுத்த எஃப்டிபியில் அண்ணியே இழுத்துப் போட்டாள். அனுப்பி முடிந்தது என்று வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தபோது அந்தக் கம்பெனிப் பெண்ணிடமிருந்து போன்.

“மேடம், ஃபைல் வந்திருக்கு. ஆனா உள்ள ஒண்ணும் இல்ல.”

“அப்படியா? இன்னொரு தடவை அனுப்பறேன்.”

அனுப்பினாள். முடிந்தது என்று வந்தது. அந்தப் பக்கம் மறுபடியும் காலி.

“இல்லம்மா, நான் அனுப்பினேன். போயிடுச்சுன்னு ஸ்கிரீன்ல வருது. என் கண்ணு முன்னாடியே…”

வாக்கியம் பாதியில் நின்றது. அந்தப் பெண், “மேடம், லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இருக்கேன். அப்புறம் கூப்பிடறேன்.”

அதே ஜிப்பை இணையம் வழியாக ஏற்றிப் பார்த்தாள்; அனுமதி இல்லை என்று பக்கம் வந்தது. மெயிலில் அனுப்பினாள், அவள் எழுதிய மரியாதையான குறிப்பு வந்தது. எஃப்டிபியில் அனுப்பினாள், முடிந்தது என்று வந்தது. தடுக்கப்பட்டவற்றின் பட்டியலில் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. ஃபயர்வாலின் அமைப்புகளுக்குள் ஒவ்வொரு பக்கமாகப் போனாள். ஃபைல் பரிமாற்றத்தில் தடுத்ததைப் பதிவு செய்வதற்குத் தனியாக ஒரு டிக் வேண்டியிருந்தது. அவள் அதைப் போடவே இல்லை. அந்த வழியில் அறிவிப்பு காட்ட இடமும் இல்லை. இணையத்தில் ஒரு பக்கம் காட்டலாம், மெயிலில் ஒரு குறிப்பு வைக்கலாம். எஃப்டிபியில் ஃபயர்வால் மூட்டையைத் தானே வாங்கிக்கொண்டு, அனுப்பியவருக்குச் சரி என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வெறும் பெயரை மட்டும் விட்டுவிடுகிறது.

ஜிப்பின் மேல் இருந்த தடையை எஃப்டிபிக்கு மட்டும் எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினாள். “இப்ப முழுசா வந்துடுச்சு மேடம்” என்றாள் போனில் அந்தப் பெண், சந்தோஷமாக.

அண்ணியை வாட்டியது டிக் போடாமல் விட்டதுகூட இல்லை. வேலை செய்கிறவர் கையில் அப்படி ஏதாவது விட்டுப்போகத்தான் செய்யும். ஒரே ஒரு தடவை வந்து பாருங்க என்று வாலு அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். வாலுவின் இருக்கை நாலு மேசை தள்ளித்தான் இருந்தது. போய்ப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவள் போகவில்லை. பிறகு சமையலறையில், இருக்கலாம்டி என்று வேறு சொன்னாள்.

மேனேஜர் முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முடிஞ்சு போனதை இப்ப எதுக்குக் கிளறணும்? சரி பண்ணிட்டீங்க இல்ல, அதோட விடுங்க.”

“அவ பேர்ல இருக்கு சார்.”

“யாரு இப்ப அதை ஞாபகம் வச்சிருக்காங்க?”

“அவ வச்சிருக்கா.”

அவள் எழுத்தில் கொடுத்தாள். தவறு நெட்வொர்க் பிரிவில், வடிவமைப்பில் இல்லை என்று தன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதை அவர் மேலே அனுப்பினார். ஒரு கண்டிப்புக் கடிதம் அவளுக்கு வந்தது. விருப்பமிருந்தால் திரும்பி வரலாம் என்று வாலுவுக்கும் ஒன்று போகும் என்றார்கள். அது போவதற்கு முன் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அண்ணி அன்று மதியமே கிளம்பினாள்.

கணவனுக்கு வழியிலேயே போனில் சொன்னாள். “நானும்தானே அவளை அவ்வளவு திட்டினேன்” என்றான் அவன். “நான் வரட்டுமா?”

“வேண்டாம். நான் சொல்லிட்டு வரேன்.”

கண்ணாடிக் கடையில் ஆளில்லாத நேரம். சுவர் முழுக்க ஃபிரேம்கள். வாலு ஒரு மெல்லிய துணியால் அவற்றைத் துடைத்து வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் முகம் மாறியது.

“என்ன அண்ணி, இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஏதாவது…”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உட்காரு.”

சுற்றி வளைக்காமல் சொன்னாள். இணையத்தில் இப்படி, மெயிலில் இப்படி, எஃப்டிபியில் மட்டும் சத்தமே இல்லாமல் இப்படி என்று சொன்னாள். தான் போடாத டிக்கைச் சொன்னாள். வாலு கையில் ஒரு ஃபிரேமை வைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அப்ப நான் அனுப்பினேன்?”

“அனுப்பின.”

“முழுசா?”

“முழுசா அனுப்பின. நான்தான் நடுவுல வாங்கி வச்சுக்கிட்டேன்.”

வாலு சிரித்தாள். பழைய வாலு சிரிப்பது போலவே இருந்ததால் அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பிறகு வாலு ஃபிரேமை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கடைக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

“என்னை மன்னிச்சிடுடி” என்றாள் அண்ணி.

“நான் என் தலைதான் சரியில்லன்னு நினைச்சுட்டேன் அண்ணி.” கைக்குள்ளிருந்தே பேசினாள். “அன்னைக்கு என்ன நடந்ததுன்னு யோசிச்சு யோசிச்சு, நான் மூடினது, பையை எடுத்தது, எல்லாம் எனக்கு ஞாபகம் வர ஆரம்பிச்சிடுச்சு. பாதியிலயே மூடின மாதிரி. நடக்காதது எனக்கு ஞாபகம் இருந்தது, தெரியுமா?”

சற்றுப் பொறுத்து வாலு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வேலைக்கு நான் திரும்ப வரல. அவங்க கூப்பிட்டாலும் வரல. ஆனா ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா?”

“சொல்லு.”

“வீட்டுல எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக் கூடத்தில் அண்ணி சொன்னாள். கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியாருக்கு ஃபயர்வால், எஃப்டிபி எதுவும் பிடிபடவில்லை. “என்னமோ மிஷின் கோளாறுங்கற. சரி, நல்லவேளை” என்றாள்.

“மிஷின் கோளாறு இல்ல அத்தை. என் தப்பு. இவ மறக்கவும் இல்ல, தொலைக்கவும் இல்ல. இவ தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சா.”

வாலு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். “இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி” என்றாள்.

அண்ணி இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை அண்ணன் எழுந்து தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஆனால் அவன் பக்கம் திரும்பவில்லை.

கோபம் அப்புறம்தான் வந்தது. வாலு பல வாரங்கள் அண்ணியின் போனை எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்து, “நீங்க இருக்கலாம்டின்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு ஆறல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அண்ணி மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு வாலு வேறொரு அச்சகத்தில் வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்தாள் என்று கணவன் வந்து சொன்னான். அதை வாலுவே சொல்லாமல் அவன் மூலமாகத்தான் அண்ணிக்குத் தெரிய வேண்டியிருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

இப்போது வாலு எப்போதாவது வருகிறாள். முன்பெல்லாம் செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போய் மூடிகளைத் திறந்து பார்த்து, பிடித்ததை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். இப்போது கூடத்திலேயே உட்கார்ந்து அண்ணனோடு பேசுகிறாள். அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்தால், “எதுக்கு அண்ணி உங்களுக்குச் சிரமம்?” என்று வாங்கிக்கொள்கிறாள். குடித்து முடித்ததும் டம்ளரைத் தானே எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டுப் புறப்படுகிறாள்.